விண்வழிப் பயணத்தின் மூன்று அளவுகோல்கள்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கு உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,980 கி.மீ. மேற்கே ஷார்ஜாவுக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 2,930 கி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. தமிழ் முஸ்லிம்கள் வாணிபத்தையும் பிழைப்பையும் தேடிச் சென்ற இரு பெருந்திசைகளுக்கு நடுவே தராசு முள்ளைப் போலத் திருச்சி நிற்கிறது. விமானம் புறப்படும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து சேரும் வாயிலில் நிற்பதுவரை கணக்கிட்டால் இரு பயணங்களும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

ஆயினும், திருச்சியில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் மாலை நான்கரை காட்டும். அதே பத்து மணிக்கு மேற்கே புறப்பட்டவர் ஷார்ஜாவில் இறங்கும்போது அங்கே பகல் பன்னிரண்டரைதான். தொலைவு ஒன்று, செலவான நேரமும் ஒன்று, கடிகாரம் காட்டுவதோ ஆறரை மணியும் இரண்டரை மணியும்.

இக்கணக்கு ஒரு வேடிக்கைக் கணக்கன்று. இவ்விமானங்களில் செல்லும் நம்மவர் பலருக்கு இதற்குள் சில கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாமா? அஸர் எப்போது முடிகிறது? நோன்பை எந்த ஊர் நேரப்படி திறப்பது? கிப்லா எந்தப் பக்கம்? அரபுக் கல்லூரி வகுப்பிலும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்திலும் இவை திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. மூன்று வெவ்வேறு அளவுகோல்களை ஒன்றெனக் கருதுவதே இக்குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணம். தொலைவு ஓர் அளவுகோல், சூரியன் மற்றோர் அளவுகோல், கடிகாரம் மூன்றாவது. எந்தக் கடமையை எதனால் அளப்பது என்பது தெளிந்துவிட்டால் கேள்விகள் பெரும்பாலும் தாமே அவிழ்ந்துவிடும்.

தொலைவை அளந்த வரலாறு

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள வான்வழித் தொலைவைக் கயிறு கட்டி அளக்க இயலாது. பூமி உருண்டையாதலின், இரண்டு ஊர்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொண்டு கோளக் கணிதத்தால் கணக்கிட வேண்டும். உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெருவட்டத்தின் வில்லாகும். அந்த வில் எத்தனை பாகை என்று கண்டு, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 111 கி.மீ. எனப் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள வில் 26.8 பாகை, திருச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் இடையே 26.4 பாகை. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய எண்கள் இவ்வாறு பெறப்பட்டவையே.

இக்கணிதத்தில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. ஒரு பாகையின் நீளம் என்ன என்பதை அறிய, கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அறிஞர் குழுவினர் ஸின்ஜார் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து அளந்தனர். 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்பது அவர்கள் கண்ட விடைகளுள் புகழ்பெற்றது. அக்கால அரபு மைல் இன்றைய அளவில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அவ்விடை இன்றைய 111 கி.மீ. என்ற அளவை நெருங்கி நிற்கிறது.

அல்பீரூனி (973–1048) இதனை மேலும் வளர்த்தார். கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண விழைந்த அவர், அதற்காகவே ஊர்களின் இருப்பிடங்களை வரையறுக்கும் நூல் ஒன்றை 1025இல் இயற்றினார். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடைப்பட்ட ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு, வணிகக் கூட்டங்கள் சென்ற வழிகளின் நீளத்தில் வளைவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, நேர்த்தொலைவை வருவித்து, அதிலிருந்து தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டார். பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தை மதிப்பிட்டவரும் அவரே. மலையுச்சியில் தொடுவானம் தாழும் என்ற அந்த உண்மை, நம் நோன்பு திறக்கும் நேரத்தோடும் தொடர்புடையது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நேரம் ஏன் மாறுகிறது?

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு மாறாதது. பயண நேரம் மாறுவது. இத்தடங்களில் பறக்கும் நடுத்தர விமானங்கள், காற்று இல்லாத நிலையில், மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. செல்கின்றன. 2,930 கி.மீ. தொலைவை அவ்வேகத்தில் கடக்க மூன்று மணி 32 நிமிடம் போதும். ஆனால் மேலே காற்று ஓயாமல் வீசுகிறது. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் அதே தொலைவுக்கு மூன்று மணி 48 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் மூன்று மணி 18 நிமிடத்தில் முடிந்துவிடும். போகும்போதும் வரும்போதும் அரை மணி வேறுபடுவதன் இரகசியம் இதுவே. இவற்றோடு ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிய வலிய காற்று வீசுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் நிலைமை தலைகீழாகிறது. அப்போது கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வான்காற்றோட்டம் தோன்றுகிறது. இதனை ஆராய்ந்து 1950களில் உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே ஒரே ஊருக்குச் செல்லும் பயணம் ஜனவரியில் ஒரு நேரமும் ஜூலையில் வேறொரு நேரமும் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. விமானங்கள் பெருவட்ட வில்லின் மீதே பறப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. வரையறுக்கப்பட்ட வான்தடங்களையும், ஒவ்வொரு நாட்டின் வான்எல்லை விதிகளையும் ஒட்டியே அவை செல்கின்றன.

கடிகாரமோ இவை எல்லாவற்றினும் நிலையற்றது. சூரியனின் கணக்குப்படி திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள வேறுபாடு 101 நிமிடமே. ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியிருக்கிறது. 1981ஆம் ஆண்டு முடியும்வரை அது இரண்டு மணிதான் முந்தியிருந்தது. 1982 பிறந்தபோது மலேசியாவோடு ஒத்துப்போகச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. இலங்கை 1996 மே மாதத்தில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னகர்த்தியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே வந்தது. அந்தப் பத்தாண்டுகளிலும் திருச்சிக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 420 கி.மீ. ஓர் அங்குலமும் கூடவில்லை, குறையவுமில்லை. தொலைவு படைப்பில் உள்ளது. சூரியனின் ஓட்டமும் படைப்பில் உள்ளது. கடிகாரமோ அரசாணையில் உள்ளது. மார்க்கக் கடமைகள் முதலிரண்டோடு பிணைக்கப்பட்டுள்ளனவே அன்றி மூன்றாவதோடு அல்ல.

கஸ்ருக்கு அளவுகோல் தொலைவு

பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் சலுகை திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 101ஆம் வசனத்தில் வருகிறது. எவ்வளவு பயணம் என்பதை வரையறுப்பதில் இமாம்கள் இரு வழிகளில் சென்றனர். காவிரிக்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், நடுத்தர நடையில் மூன்று நாள் பயணம் என்பது மூல வரையறை. இதனைப் பிற்கால உலமாக்கள் தொலைவாக மாற்றிக் கூறினர். நம் நாட்டில் பெரிதும் வழங்குவது 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கி.மீ. அதனினும் கூட்டிச் சொல்வோரும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமீ மைல் என்பது அளவு. இன்றைய கணக்கில் அது 80 கி.மீட்டருக்குச் சற்று மேல் எனக் கொள்ளப்படுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். மூன்று நாள் நடந்து களைத்த பயணிக்கு அளிக்கப்பட்ட சலுகையை, குளிரூட்டிய இருக்கையில் நான்கு மணி நேரம் கண்ணயர்ந்து செல்பவர் எப்படிப் பெறலாம்? நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறி, அலைக்கும் வாந்திக்கும் ஈடுகொடுத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மலாயாவின் கரை கண்டவர்களுக்கு இச்சலுகை பொருந்தும். இன்றைய பயணிக்குமா என்று கேட்போர் உண்டு.

விமானம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்கு விடை கூறப்பட்டுவிட்டது. சிரியாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 676இல் (1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்), தம் மின்ஹாஜ் நூலில், கடலும் தரையைப் போன்றதே என்றும், வகுக்கப்பட்ட மைல்களைக் கப்பலில் ஒரு நாழிகையில் ஒருவர் கடந்துவிட்டாலும் அவர் சுருக்கித் தொழலாம் என்றும் பொருள்படக் கூறுகிறார். மூன்று நாள் வழியை விரைவுக் குதிரையில் அதற்கும் முன்னரே கடப்பவரும் பயணியே என்பது ஹனஃபி நூல்களிலும் காணப்படுகிறது.

இதன் பின்னணியில் உஸூலுல் ஃபிக்ஹின் ஓர் அடிப்படை உள்ளது. ஒரு சட்டத்துக்கு இல்லத்து என்பது வேறு, ஹிக்மத்து என்பது வேறு. முன்னது சட்டம் சார்ந்து நிற்கும் வெளிப்படையான காரணம். பின்னது அச்சட்டத்தால் விளையும் நலம். கஸ்ருக்குக் காரணம் பயணம். சிரமத்தைக் குறைப்பது அதன் நலம். சிரமம் ஆளுக்கு ஆள் மாறும். உடலுக்கு உடல் வேறுபடும். அதனை அளக்கக் கோல் இல்லை. ஊரிலேயே நாள் முழுதும் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் சிரமம் விமானப் பயணியின் சிரமத்தைவிட அதிகம். ஆயினும் அவருக்குக் கஸ்ரு இல்லை. எனவேதான் சட்டம் அளக்கக்கூடியதோடு பிணைக்கப்பட்டது. எந்த வாகனம் வந்தாலும் மாறாத அளவு தொலைவு ஒன்றே. வாகனம் விரைவடைந்ததால் சலுகை நீங்குமாயின், ஒவ்வொரு புதிய வாகனத்துக்கும் ஒரு புதிய மார்க்கச் சட்டம் வேண்டியிருக்கும்.

நேர்த்தொலைவா, சென்ற வழியின் தொலைவா என்பது அடுத்த வினா. சென்ற வழியே கணக்கு என்பது சட்ட நூல்களின் கருத்து. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் இருந்து, ஒன்று எல்லை அளவை எட்டுவதாகவும் மற்றொன்று குறைவாகவும் இருப்பின், ஹனஃபிகளிடம் ஒருவர் எந்த வழியே செல்கிறாரோ அதுவே அவருக்கு அளவு. திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 77 கி.மீ. அளவில்தான் இருக்கிறது, சாலை வழியோ அதனினும் நீண்டது. இத்தகைய ஊர்களில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ செல்பவருக்கு எவ்வழியில் கணக்கிட்டாலும் ஐயத்துக்கு இடமில்லை.

பயணம் தொடங்கும் இடம்

பயணச் சீட்டு கையில் இருப்பதால் ஒருவர் முஸாஃபிர் ஆகிவிடுவதில்லை. விமானம் தரையை விட்டு எழும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தம் ஊரின் குடியிருப்புத் தொடர்ச்சியைக் கடந்ததும் பயணம் தொடங்குகிறது என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

திருச்சி நிலையத்தில் ஒரே விமானத்துக்குக் காத்திருக்கும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பாலக்கரைவாசி. மற்றொருவர், பெருமாள் கோவிலாலும் பல்லவர் காலத்துச் சுவஸ்திக வடிவக் கிணற்றாலும் பெயர்பெற்ற திருவெள்ளறையில் குடியிருப்பவர். திருவெள்ளறைக்காரர் மண்ணச்சநல்லூர் வழியே வந்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, நகரை ஊடுருவி நிலையம் வந்து சேர்கிறார். நேர்க்கோட்டில் இது 22 கி.மீ. அளவே, சாலையில் அதைவிடக் கூடுதல். இந்தத் தொலைவு மட்டும் கஸ்ருக்குப் போதாது. ஆனால் அவர் நாடிப் புறப்பட்டது சிங்கப்பூரை. ஆதலின் தம் ஊரின் கடைசி வீட்டைக் கடந்தபோதே அவர் பயணியாகிவிட்டார். விமான நிலையத்தில் அவர் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுவார்.

பாலக்கரைக்காரரின் நிலை வேறு. டி.வி.எஸ். டோல்கேட், சுப்பிரமணியபுரம், செம்பட்டு எனப் புதுக்கோட்டைச் சாலை நெடுகக் கட்டடங்கள் தொடர்ந்து நிலையத்தை எட்டிவிடுகின்றன. நிலையத்தை நகரின் தொடர்ச்சி எனக் கொண்டால் அவர் இன்னும் உள்ளூர்வாசியே. நிலையத்தில் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதற்கும் இதே எல்லைதான். திரும்பி வரும்போதும் இதே முறை: பாலக்கரைக்காரரின் பயணம் விமானம் தரையிறங்கியதும் முடிகிறது, திருவெள்ளறைக்காரரின் பயணம் அவர் ஊர் எல்லையை மிதிக்கும்வரை தொடர்கிறது. ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்து வந்த இருவரில் ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் தொழக் கண்டால், யாரும் யாரையும் குறை கூறுவதற்கில்லை.

தொழுகைக்கும் நோன்புக்கும் அளவுகோல் சூரியன்

எத்தனை ரக்அத் என்பதைத் தொலைவு தீர்மானிக்கிறது. எப்போது என்பதையோ சூரியன் தீர்மானிக்கிறது. அதுவும் தொழுபவர் இருக்கும் இடத்தில் உள்ள சூரியன். மார்ச் மாத நடுவில் திருச்சியில் சூரியன் மறைவது மாலை 6.25 மணி அளவில். சிங்கப்பூரில் அது உள்ளூர் நேரம் 7.15, இந்திய நேரத்தில் 4.45. ஷார்ஜாவில் உள்ளூர் நேரம் 6.30, இந்திய நேரத்தில் எட்டு மணி.

அக்காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் திருச்சியிலிருந்து கிழக்கே புறப்படும் ஒருவர், கைக்கடிகாரத்தைத் திருச்சி நேரத்திலேயே வைத்துக்கொண்டு, அஸருக்கு ஆறு மணிக்கு மேலும் நேரம் இருக்கிறது என்று எண்ணக்கூடும். ஆனால் விமானம் சூரியனுக்கு எதிர்த்திசையில் விரைகிறது, பகல் சுருங்குகிறது. நான்கு மணி நேரப் பயணமாகக் கணக்கிட்டால் இந்திய நேரம் ஏறத்தாழ 5.15க்கே விமானத்திலிருந்து பார்க்கச் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு அவர் தக்பீர் கட்டினால் அது களாத் தொழுகையாகவே அமையும். கிழக்கே செல்பவர் அஸரின் நேரம் நுழைந்ததும் தாமதியாது தொழுதுவிடுவதே நன்று.

மேற்கே செல்பவருக்கு நிலைமை நேர்மாறு. ரமலானில் வீட்டில் ஸஹர் செய்து நோன்பு வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு ஷார்ஜா புறப்படுகிறார் என்க. திருச்சியில் அவர் வீட்டார் 6.25க்கு நோன்பு திறக்கும்போது அவர் அரபிக் கடலுக்கு மேலே இருக்கிறார். சூரியன் அவருக்கு எதிரே நன்கு ஒளிர்கிறது. இந்திய நேரம் ஏழு மணிக்கு அவர் தரையிறங்கும்போதும் அங்கே பகல்தான். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆக, அவர் நோன்பு வீட்டாரின் நோன்பைவிட ஒன்றரை மணிக்கு மேல் நீள்கிறது. பயணிக்கு நோன்பை விடச் சலுகை இல்லையா எனலாம். உண்டு, இரண்டாம் அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் அதனைக் கூறுகின்றன. ஆனால் விடியும்போது ஊரில் இருந்து நோன்பைத் தொடங்கிவிட்டு, பகலில் பயணம் புறப்பட்டவர் அன்றைய நோன்பைப் பயணத்தைக் காரணம் காட்டி முறிப்பதற்கில்லை என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. தாங்கவொண்ணாத நிலை ஏற்பட்டால் அது வேறு. முதியவரும் நோயாளியும் ரமலானில் மேற்கு நோக்கிய பயணத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுமுன் இதனைக் கருத வேண்டும்.

இனி, அல்பீரூனி மலையுச்சியில் கண்ட உண்மைக்கு வருவோம். உயரம் கூடக் கூடத் தொடுவானம் தாழ்கிறது. ஆகவே உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் பிந்தி மறைகிறது. 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தில் இத்தாழ்வு மூன்று பாகைக்கு மேல். நேரத்தில் ஏறத்தாழ 13 நிமிடம். கீழே உள்ள ஊரில் பாங்கு ஒலித்த பின்னும் அதற்கு நேர் மேலே பறப்பவர் கண்ணுக்குச் சூரியன் தெரியும். அவர் யாரைப் பின்பற்றுவது?

ஸைலயீ (மறைவு ஹிஜ்ரி 743) தம் தப்யீனுல் ஹகாயிக் நூலில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். அபூமூஸா அள்ளரீர் என்ற சட்ட அறிஞர் அலெக்சாந்திரியாவுக்கு வந்தபோது அங்குள்ள கலங்கரை விளக்கத்தைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்டது. ஊரில் சூரியன் மறைந்த பின்னும் விளக்கின் உச்சியில் நிற்பவருக்கு அது தெரிகிறதே, அவர் நோன்பு திறக்கலாமா என்பது கேள்வி. ஊரார் திறக்கலாம், உச்சியில் நிற்பவர் திறக்கக் கூடாது என்பது அவர் அளித்த விடை. நூறு மீட்டர் அளவு உயரத்தில் இவ்வேறுபாடு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். எனினும் கோட்பாடு அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது. 2011இல் துபாய் மார்க்க அதிகாரிகள், புர்ஜ் கலீஃபாவின் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருந்து நோன்பு திறக்க வேண்டுமென அறிவித்ததும் இக்கோட்பாட்டின் வழியே. விமானப் பயணிக்கும் இதுவே விதி: புறப்பட்ட ஊரின் அட்டவணையும் சேரும் ஊரின் அட்டவணையும் அவருக்குரியன அல்ல, சன்னலுக்கு வெளியே தெரியும் வானமே அவருக்குரியது.

தரையில் சூரியன் மறைந்து முறைப்படி நோன்பு திறந்த பின் மேற்கே பறந்தவருக்குச் சூரியன் மீண்டும் தென்பட்டால் என் செய்வது என்றும் கேட்பர். அவருடைய நோன்பு தரையிலேயே நிறைவு பெற்றுவிட்டது என்பதே தற்கால அறிஞர் பலரின் தீர்ப்பு.

கிப்லாவும் பெருவட்டமும்

தட்டையான நிலப்படத்தில் திருச்சியிலிருந்து மக்காவுக்குக் கோடு இழுத்தால் அது மேற்கிலிருந்து 15, 16 பாகை வடக்கே சாய்ந்து தெரியும். உருண்டையின் கணக்குப்படி உண்மையான சாய்வு 21 பாகை. தட்டையான படத்தில் இழுத்த கோடு உருண்டையின் மீது மிகக் குறுகிய வழியாக அமையாததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். விமானியின் தடத்துக்கும் தொழுபவரின் திசைக்கும் அடிப்படை ஒரே பெருவட்டக் கணிதமே.

இதில் நம் ஊருக்கே உரிய ஓர் ஒற்றுமை உண்டு. திருச்சியிலிருந்து மக்காவுக்கு ஏறத்தாழ 4,307 கி.மீ.; சிங்கப்பூருக்கு 2,981 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 7,288. சிங்கப்பூரிலிருந்து மக்காவுக்கு நேரே கணக்கிட்டாலும் ஓரிரு கிலோமீட்டர் வேறுபாட்டில் இதே எண்தான் வருகிறது. அதாவது, சிங்கப்பூரிலிருந்து கஅபாவை நோக்கிச் செல்லும் நேர்வழி திருச்சியை ஒட்டியே செல்கிறது. நகருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடக்கிறது. திருச்சிக்கு வடக்கே உள்ள திருவெள்ளறை அக்கோட்டுக்கு இன்னும் அண்மையில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளியில் தொழ நிற்கும் தமிழர், தம்மை அறியாமலே தம் தாய்மண்ணின் திசையையும் நோக்கி நிற்கிறார்.

இதிலிருந்து பயணிக்கு ஒரு பயனும் கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குத் திரும்பும் விமானத்தில் கிப்லா பெரும்பாலும் விமானத்தின் மூக்குத் திசையிலேயே அமையும்; போகும்போது வால் திசையில் அமையும். ஷார்ஜா விமானத்தில் அது மாறிக்கொண்டே வரும். திருச்சியில் மேற்குக்கு வடக்கே 21 பாகையில் இருந்த கிப்லா, ஷார்ஜாவில் மேற்குக்குத் தெற்கே 12 பாகையாகிவிடுகிறது. விமானத்தின் போக்கோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் மூக்குத் திசைக்குச் சற்று இடப்புறமாக இருப்பது இறங்கும் வேளையில் 40 பாகை அளவு இடப்புறம் நகர்ந்துவிடும். விமானம் திரும்பித் திரும்பிச் செல்வதால் இவை மதிப்பீடுகளே. ஆயினும் முற்றிலும் திசை தெரியாமல் நிற்பதினும் இவை மேல். நின்று தொழ இடமும் அனுமதியும் இருந்தால் நின்று தொழ வேண்டும். இயலாத நிலையில், நேரம் தவறிப்போகும் என்று அஞ்சினால், இயன்றவாறு தொழுதுவிட்டுத் தரையிறங்கியபின் திரும்பத் தொழுவது பேணுதலாகும்.

ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இதே கணக்கு வேறொரு வகையில் உதவும். விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கி.மீ. செல்கிறது. மீக்காத்தின் நேர் எல்லை நெருங்கும்போது ஐந்து நிமிடம் அசட்டையாக இருந்தால் 70 கி.மீ. கடந்துவிடும். ஒட்டகத்தில் சென்றவர் எல்லையில் இறங்கி, குளித்து, இஹ்ராம் உடுத்தினார். இன்றைய பயணி அவற்றை முன்னதாகவே முடித்துக்கொண்டு, அறிவிப்புக்குக் காதைத் தீட்டிக் காத்திருக்க வேண்டும்.

ஆக, தொலைவைக் கொண்டு ரக்அத்தை அறிக. சூரியனைக் கொண்டு நேரத்தை அறிக. கடிகாரத்தையோ விமானத்துக்குப் பிந்தாமல் இருப்பதற்கு வைத்துக்கொள்க. திருச்சியிலிருந்து புறப்படுபவர் கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும், பயணப் பெட்டியைக் கட்டுமுன் மூன்று சிறு கணக்குகளைப் போட்டுக்கொள்ளலாம்: என் ஊர் எல்லை எங்கே முடிகிறது, பறக்கும் வேளையில் எந்தத் தொழுகையின் நேரம் நுழைகிறது, எது முடிகிறது, நோன்பு நாளாயின் என் பகல் எவ்வளவு நீளும் அல்லது சுருங்கும். ஐந்து நிமிடத்தில் முடியும் இக்கணக்கு, நான்கு மணி நேரப் பயணத்தில் ஒரு ஃபர்ளு தவறிப்போகாமல் காக்கும்.